'டேட் இஷ்யூ ஃபிக்ஸ்' என்று கமிட் மெசேஜ் போட்டால் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, சீனியர் மூன்று தடவை உங்கள் புல் ரிக்வெஸ்ட்டை (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையை) திருப்பி அனுப்பிவிட்டார், 'கமிட் மெசேஜ் சரியா எழுதுங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (கமிட் என்பது கிட் என்ற கருவியில் வரலாறாகப் பதியும் ஒரு மாற்றம், மெசேஜ் அதற்கு நாம் எழுதும் குறிப்பு.) ஃபீட் (புது வசதி), ஃபிக்ஸ் (பிழைத் திருத்தம்) என்று முன்னொட்டு கட்டாயமா, இறந்தகாலத்தில் எழுதலாமா, முதல் வரி 50 எழுத்தைத் தாண்டினால் தப்பா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது: 'என்ன மாத்தினேன்னு டிஃப்லயே தெரியுதே, அதுக்கு மேல எழுத என்ன இருக்கு?' (டிஃப் என்பது பழைய வரியையும் புது வரியையும் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல்.) அதற்கு முதலில் பதில் சொன்னால் மற்ற மூன்றும் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் பதினான்கு வருடமாக பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் ஐந்து முதல் இருபது பேர் இருக்கும் குழுக்களில். கேம், ஹார்டுவேர் பக்கம் போனதில்லை, அங்கே வேறு பழக்கம் இருக்கலாம். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

டிஃப் சொல்வது என்ன மாறியது என்பதை மட்டும்தான். 30 இருந்த இடத்தில் 27 வந்தது என்று சொல்லும். ஏன் 27, ஏன் 25 இல்லை, யார் என்ன சொல்லி மாற்றச் சொன்னார்கள், வேறு என்ன செய்து பார்த்து சரிவராமல் இதற்கு வந்தீர்கள் என்று சொல்லாது. இது கற்பனையில் பிடித்த எண் இல்லை. சில வருடம் முன்பு நான் இருந்த ஒரு குழுவில் ஆர்டர் எடுக்கும் சர்வீஸ் ஒன்று இருந்தது. அது ஸ்டாக் சர்வீஸைக் கூப்பிடும் இடத்தில் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம், 27 நொடி. பார்க்கிற எவருக்கும் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. ஒரு வரியை யார், எந்த கமிட்டில் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன், 'டைம்அவுட் மாற்றம்' என்று இரண்டே சொல், எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம். சரி, எதற்கோ அவசரத்தில் வைத்திருக்கிறார் என்று நினைத்து, வேறு ஒரு வேலையோடு சேர்த்து அதை 60 ஆக்கினேன். ரிவ்யூவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, டெஸ்ட் எல்லாம் பச்சை.

நாலைந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் லோடு ஏறியதும் சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஆர்டர் இரண்டு முறை விழ ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கத் தேடிய பிறகுதான் பிடிபட்டது. எங்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் 30 நொடியில் இணைப்பை வெட்டிவிடும். மொபைல் ஆப் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். பின்னால் பழைய கோரிக்கை இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும், கடைசியில் இரண்டுமே வெற்றிகரமாக முடியும். 27 வைத்தவர், அந்த 30-க்குள் நாமே தோல்வி என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்ய 3 நொடி இடம் விட்டிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து போன் செய்தபோது நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டிருக்கிறார்கள், பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் லேப்டாப்பை வைத்துச் செய்து அனுப்பினாராம். 'அன்னைக்கு ரெண்டு வார்த்தை எழுதினதே பெரிசு சார்' என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காரணம் தெரியாத எண்ணைத் தொட்டது நான்.

அந்த மெசேஜ் எப்படி இருந்திருந்தால் நான் கையை வைத்திருக்க மாட்டேன்? முதல் வரி: 'ஆர்டர்: ஸ்டாக் அழைப்பின் டைம்அவுட்டை 27 நொடியாக்கு'. ஒரு வெற்று வரி. அப்புறம்: 'லோட் பேலன்சர் 30 நொடியில் இணைப்பை வெட்டுகிறது. அதற்கு முன் நாமே ஆர்டரை ரத்து செய்யாவிட்டால் ஆப் மறுபடி அனுப்பி ஆர்டர் இரட்டிக்கிறது. ரத்துக்கு 3 நொடி போதும். அந்த 30 மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.' அவ்வளவுதான், நான்கு வாக்கியம். இதில் எதுவுமே டிஃப்பில் கிடையாது என்பதைக் கவனியுங்கள். (இந்தக் குறிப்பிட்ட விஷயத்தை கோடிலேயே கமென்ட்டாகவும் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த வரியை இப்போது பார்க்கிறவனுக்கு வேண்டிய எச்சரிக்கை கமென்ட்டில் இருக்கட்டும். அன்றைக்கு என்ன நடந்தது, எதற்காக மாற்றினோம் என்பது மெசேஜில் இருக்கட்டும். கமென்ட் காலப்போக்கில் பொய்யாகிவிடும், யாரும் திருத்த மாட்டார்கள். மெசேஜ் அந்த நாளைப் பற்றிய பதிவு என்பதால் பழசாகும், பொய்யாகாது.)

இனி உங்கள் மூன்று கேள்விகள். முதல் வரியின் நீளம். இதில் உறுதியானது ஒன்று உண்டு: முதல் வரிக்கும் மீதிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட்டே ஆக வேண்டும். இது யாருடைய ரசனையும் இல்லை, கிட் அப்படித்தான் படிக்கிறது. முதல் வெற்று வரி வரைக்கும் இருப்பதெல்லாம் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி விடாமல் ஆறு வரி எழுதினால் கமிட் பட்டியலைக் காட்டும் கிட் லாக்கை ஒற்றை வரியாகப் பார்க்கும்போது ஆறும் ஒட்டிக்கொண்டு ரயில்வண்டி மாதிரி ஓடும். இதன் மூலம் எங்கே என்றால், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக, அங்கே மாற்றங்கள் பேட்ச்களாக மெயிலில்தான் போகும், வரும். கமிட்டின் முதல் வரி மெயிலின் சப்ஜெக்ட் ஆகிறது, மீதி உடலாகிறது. இன்றைக்கும் கெர்னலில் அப்படித்தான்.

50 என்பது அப்படிப்பட்ட விதி இல்லை. கிட்டின் சொந்தக் கையேடே 50 எழுத்துக்குள் ஒரு சுருக்க வரி நல்லது, கட்டாயமில்லை என்றுதான் சொல்கிறது. கெர்னல்காரர்கள் 70, 75 வரை விடுகிறார்கள். கோட் வைக்கும் இணையதளமான கிட்ஹப் 72-ஐத் தாண்டினால் மீதியை மடித்து மறைத்துவிடும். உடல் வரிகளை 72-இல் மடிக்கச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு: கிட் லாக் ஒவ்வொரு வரியையும் 4 இடம் உள்ளே தள்ளிக் காட்டும், 80 எழுத்து அகல டெர்மினலில் வலப்பக்கமும் 4 விட்டால் மிச்சம் 72. இன்றைக்கு யார் திரை 80 எழுத்து அகலம் என்று கேட்டால் பதில் இல்லை, ஆனாலும் மடித்தால் எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரிகிறது, அதனால் மடிக்கிறேன். முதல் வரியை 50-க்குள் அடக்க முடியவில்லை என்றால் நான் எழுத்தை எண்ணிக்கொண்டு உட்கார மாட்டேன், கமிட்டையே சந்தேகப்படுவேன். அதற்குக் கீழே வருகிறேன்.

காலம். ஏவல் வினையில் எழுது என்பார்கள்: 'சேர்', 'நீக்கு', 'திருத்து'. கெர்னல் வழிகாட்டி கோடுக்கே கட்டளை இடுவது போல எழுதச் சொல்கிறது. கோ என்ற நிரல் மொழிக்காரர்களின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும்: 'இந்த மாற்றம் கோ மொழியை இப்படி மாற்றும்' என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியத்தைப் பாதியில் விட்டிருக்கிறார்கள், உங்கள் முதல் வரி அந்த மீதிப் பாதியாகப் பொருந்த வேண்டும். கிட் தானாக எழுதும் மெர்ஜ் (இணைத்தல்), ரிவர்ட் (மாற்றத்தைத் திரும்பப் பெறுதல்) மெசேஜ்களும் ஏவலில்தான் இருக்கின்றன, கலந்து பார்க்கும்போது கண்ணுக்கு உறுத்தாது. இவ்வளவுதான் ஆதாயம். 'திருத்தினேன்' என்று எழுதினால் எதுவும் உடையாது. உங்கள் குழு இருநூறு கமிட்டாக இறந்தகாலத்தில் எழுதிவருகிறது என்றால் நீங்களும் அப்படியே எழுதுங்கள், நான்கு மாத அனுபவத்தில் அதை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

ஃபீட், ஃபிக்ஸ் விஷயத்தில்தான் ஆளுக்கொரு கருத்து. இதற்குக் கன்வென்ஷனல் கமிட்ஸ் என்று பெயர், ஆங்குலர் திட்டத்தின் பழக்கத்திலிருந்து கிளைத்தது. ஃபிக்ஸ் என்றால் வெர்ஷன் எண்ணில் கடைசி இலக்கம் ஏறும், ஃபீட் என்றால் நடு இலக்கம், பழைய பயன்பாட்டை உடைக்கிற மாற்றம் என்றால் முதல் இலக்கம். உடைக்கும் மாற்றத்தை முக்காற்புள்ளிக்கு முன் ஒரு ஆச்சரியக்குறி போட்டுச் சொல்லலாம். அந்த விதிமுறை ஃபீட், ஃபிக்ஸ் இரண்டை மட்டும்தான் முக்கியமாக வரையறுக்கிறது, சோர், டாக்ஸ், ரீஃபாக்டர் எல்லாம் குழுவின் விருப்பம். நீங்கள் பிறர் பயன்படுத்தும் லைப்ரரி வெளியிடுகிறீர்கள், வெர்ஷன் எண்ணும் மாற்றப் பட்டியலும் தானாக உருவாக வேண்டும் என்றால் இது நிஜமாகவே உழைக்கும். தினம் நாலு தடவை டெப்ளாய் ஆகும் உள் சர்வீஸுக்கு? என் பார்வையில் அலங்காரம். அதைவிட மோசம், முன்னொட்டு போட்டுவிட்டாலே மெசேஜ் எழுதிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. 'ஃபிக்ஸ்: ஃபிக்ஸ் இஷ்யூ' என்ற கமிட்டை நான் மெசேஜின் வடிவத்தைச் சரிபார்க்கும் லின்ட் கருவி பச்சை காட்ட, கண்ணாரப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் நிறைய, அவர்களில் சிலர் என்னைவிடப் பெரிய திட்டங்களை நடத்துகிறார்கள். கெர்னலும் கோவும் மாற்றத்தின் வகையைப் போடாமல் இடத்தைப் போடுகின்றன, எந்தப் பகுதி, எந்த பேக்கேஜ் என்று. லாக்கை மேலிருந்து கீழே ஓட்டும்போது 'பில்லிங்:' என்று பார்ப்பது எனக்கு 'ஃபிக்ஸ்:' என்று பார்ப்பதைவிடப் பத்து மடங்கு உதவுகிறது. உங்கள் ரெப்போவில் (கோட் இருக்கும் கிட் களஞ்சியத்தில்) எது வழக்கம் என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம், கடைசி ஐம்பது கமிட்டை ஒற்றை வரியில் ஓடவிட்டுப் பாருங்கள், சீனியர் வாய்விட்டுச் சொல்லாதது அதில் இருக்கும்.

ஒரு சின்ன கண்ணி, புதியவர்கள் எல்லோரும் விழுவது. டிக்கெட் எண்ணை ஹாஷ் குறியோடு வரியின் முதலில் போட்டு எடிட்டரில் சேமித்தால் அந்த வரி மாயமாகிவிடும், ஏனென்றால் ஹாஷில் தொடங்கும் வரியை கிட் தன் குறிப்பு என்று நினைத்து வெட்டிவிடும். எண்ணைக் கடைசி வரியில் ஒரு சொல்லுக்குப் பின்னால் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. எண்ணை மட்டும் போட்டுவிட்டு 'விவரம் டிக்கெட்டில்' என்று விடவும் வேண்டாம். நான் வேலை பார்த்த இடங்களில் இரண்டு தடவை டிக்கெட் மென்பொருள் மாறியிருக்கிறது, பழைய எண்கள் இப்போது எங்கேயும் போய்ச் சேராத முகவரிகள். கிட் வரலாறு மட்டும் கூடவே வந்தது.

இப்போது கமிட்டைச் சந்தேகப்படுவது பற்றி. முதல் வரியில் 'மற்றும்', 'அத்துடன்' என்று எழுத வேண்டி வந்தால், நீங்கள் இரண்டு வேலையை ஒரு மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். என் 60 நொடி மாற்றம் அப்படித்தான் ஒளிந்தது, முந்நூறு வரி டிஃப்பில் ஒரு வரி. தனி கமிட்டாக இருந்திருந்தால் 'டைம்அவுட்டை 60 ஆக்கு' என்ற தலைப்புக்குக் கீழே காரணம் எழுத உட்கார்ந்திருப்பேன், எழுத ஒன்றும் இருந்திருக்காது, அங்கேயே நின்றிருப்பேன். இல்லாவிட்டாலும், ராத்திரி அந்த ஒன்றை மட்டும் ரிவர்ட் செய்திருக்கலாம், முந்நூறு வரியையும் பிடுங்கியிருக்க வேண்டாம். பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட்டும் கமிட் சிறிதாக இருந்தால்தான் உருப்படியான விடை தரும். கிட் ஆட்-க்கு ஒரு பேட்ச் வசதி இருக்கிறது, ஃபைலுக்குள்ளேயே துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டுச் சேர்க்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். கமிட் கட்டளையில் மெசேஜை ஒரே வரியாக மேற்கோளுக்குள் தட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டு எடிட்டரைத் திறந்து எழுதுங்கள். வெர்போஸ் வசதியைப் போட்டால் எழுதும் இடத்துக்குக் கீழேயே டிஃப் தெரியும், என்ன செய்தோம் என்று பார்த்துக்கொண்டே எழுதலாம்.

வேலை நடக்கும்போது 'டபிள்யூஐபி' (வேலை பாதியில்), 'மறுபடி', 'இப்போ வரும்' என்று கமிட் போடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நானும் போடுகிறேன். புஷ் செய்வதற்கு முன் கமிட்களைத் திருத்தி அடுக்க உதவும் ரீபேஸில் உட்கார்ந்து ஒழுங்குபடுத்திவிட்டால் போதும். மற்றவர்களும் எடுத்து வேலை செய்யும் பிராஞ்சுக்குப் போன பிறகு மெசேஜைத் திருத்தப் போகாதீர்கள். கமிட்டின் அடையாள எண்ணைக் கணக்கிடும்போது மெசேஜும் சேர்ந்துதான் கணக்கிடப்படுகிறது, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்த எண் மாறும், அதற்கு மேலே அடுக்கிய எல்லா கமிட்டின் எண்ணும் மாறும். உங்கள் குழு, பல கமிட்டை ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் பயன்படுத்தினால் இன்னும் எளிது, கடைசியில் நிற்கப்போவது அந்த ஒரே மெசேஜ்தான். புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பும் விளக்கமும் அதில் வந்து உட்காரும்படி கிட்ஹப் ரெப்போ அமைப்பில் வைக்கலாம். இல்லையென்றால் உங்கள் 'மறுபடி', 'மறுபடி 2' எல்லாம் புள்ளி வைத்து வரிசையாக நிரந்தரமாக நிற்கும்.

ஏஐ எழுதித் தரட்டுமா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். அது பார்ப்பது டிஃப்பை. டிஃப்பில் இருப்பதை உங்களைவிட அழகாகச் சொல்லும். லோட் பேலன்சரின் 30 நொடியை நீங்கள் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது, அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் மெசேஜை ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

தமிழில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கிட்டுக்கு ஆட்சேபமே இல்லை, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 தான். சொந்த ரெப்போவில் நான் தமிழில்தான் எழுதுகிறேன், காரணத்தை யோசிக்கும் மொழியிலேயே எழுதினால் மழுப்பல் குறைகிறது. ஒரே தொல்லை, நீளம் எண்ணும் கருவிகள். 'திருத்து' நமக்கு நான்கு எழுத்து, யுனிகோடில் எட்டுக் குறியீடு, அதனால் 50 என்று வைத்த கருவி பாதியிலேயே கத்தும். சில டெர்மினல்கள் கொம்பையும் காலையும் தனித்தனியே பிய்த்துப் போடும். அலுவலக ரெப்போவில் எல்லோரும் படிக்கிற மொழியிலேயே எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் 'டேட் இஷ்யூ ஃபிக்ஸ்'. நீங்கள் ஒட்டியிருந்த டிஃப்பைப் பார்த்தேன், தினசரி அறிக்கையில் தேதிக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டியிருக்கிறீர்கள். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது, நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் நடுவில் நடந்த பரிவர்த்தனைகள் முந்தின நாள் கணக்கில் விழுந்தன, அதுதான் புகார் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் தலைப்பு 'அறிக்கை: நாளை இந்திய நேரப்படி பிரி'. உடலில் அந்த ஐந்தரை மணி நேரக் கதை. அதை எழுதிக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒன்று தட்டுப்பட வேண்டும், எனக்குத் தட்டுப்பட்டது: எண்ணைக் கையால் கூட்டியிருக்கிறீர்கள், அறிக்கை ஃபைலில் சிங்கப்பூர் கிளை என்று ஒரு நெடுவரிசையும் இருக்கிறது. அங்கே 8 மணி நேரம். உங்கள் சீனியர் மெசேஜைக் கேட்டாரா, இதைக் கேட்டாரா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாளைக்கு அவரிடம் போய் 'சிங்கப்பூர் கிளைக்கு நாள் எந்த நேரப்படி பிரியணும்?' என்று கேட்டுவிட்டு வந்து மெசேஜை எழுதுங்கள்.